காணாத அறையில் உங்கள் காணிக்கை

(மருத்துவமனை ஞாயிறன்று நடைபெற்ற நன்கொடையாளர் கூடுகையில், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு மற்றும் கம்ப்யூட்டர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்த மேடையில் மருத்துவர்கள் பேசுவார்கள், அல்லது சுகம் பெற்றவர்கள் சாட்சி சொல்லுவார்கள். இம்முறை எங்களைப் பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற அறுப்பின் பண்டிகைக்குப் பின் வெளியிட்ட வரவு செலவு அறிக்கையில் "இரண்டாவது கன்ட்ரோலர்" என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். ஒரு பெரியவர் அதை மின்விசிறிக்கான ரெகுலேட்டர் என்று எண்ணி, ஒரு விசிறிக்கு ரெகுலேட்டர் வாங்க இவ்வளவு பணமா என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயமே. எழுதியது எங்கள் தவறு. இன்று அதற்குக் கணக்குக் கொடுக்க வந்திருக்கிறோம்.

நமது மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகள், எக்ஸ்ரே படங்கள், ஆய்வுக்கூட முடிவுகள், அறுவைக் குறிப்புகள் எல்லாம் இப்போது ஒரே இடத்தில் சேமிக்கப்படுகின்றன. எந்த வார்டிலிருந்தும் கம்ப்யூட்டர் வழியாக அவற்றை எடுக்கலாம். இதை ஒரு பெரிய பண்டகசாலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பண்டகசாலைக்கு ஒரு வாசல் உண்டு. வாசலில் ஒருவர் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். யார் வருகிறார்கள், அவர்கள் சொல்லும் பெயரும் இரகசியச் சொல்லும் சரிதானா, அவர்கள் எந்த அலமாரியைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இருக்கிறது. அவர் ஒரு சீட்டுக் கொடுத்தால்தான் அலமாரி திறக்கும். அந்த வாசற்காரருக்குத்தான் கம்ப்யூட்டர் மொழியில் டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். பண்டகசாலை ஒரு பெட்டி, வாசற்காரர் வேறொரு பெட்டி. இரண்டும் தனித்தனி என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில், ஒரு நாள் இரவு பதினொரு மணியளவில் இடி இறங்கியது. வாசற்காரராக இருந்த பெட்டியின் மின்பகுதி கருகிவிட்டது. பக்கத்திலேயே வேறொரு யூ.பி.எஸ்ஸில் இருந்த பண்டகசாலைப் பெட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. ஒரு காகிதமும் தொலையவில்லை, ஒரு படமும் அழியவில்லை. ஆனால் உள்ளே போக யாருக்கும் வழியில்லை.

அந்நேரம் பிரசவ வார்டில் ஒரு தாய் இருந்தார். முதல் குழந்தை இங்கேதான் அறுவை செய்து பிறந்தது. இப்போதும் அறுவை செய்யவேண்டிய நிலை. "போன தடவை ஒரு ஊசி போட்டாங்க, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப்போச்சு டாக்டரம்மா" என்று அவர் சொன்னார். எந்த ஊசி என்று அவருக்குத் தெரியாது. அவர் கணவருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த சீட்டு முந்தின வருடத்து வெள்ளத்தில் போய்விட்டது. டாக்டரம்மா எங்களைக் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த மருந்து?

மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்ததில் அந்த வார்டின் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடியும் எழுந்திருந்தது. சிஸ்டர் தம் பெயரையும் இரகசியச் சொல்லையும் அடித்தார். கம்ப்யூட்டர் அவரை உள்ளே விட்டது. ஏனெனில் முன்பு நுழைந்தவர்களின் அடையாளத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சிறிது நினைவில் வைத்திருக்கும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியது. ஆனால் கோப்பைத் திறக்கப்போனால் திறக்கவில்லை. சீட்டுக் கொடுக்க வாசலில் ஆள் இல்லையே. ஆண்கள் வார்டில் அணையாமல் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோப்புகள் தொடர்ந்து திறந்துகொண்டிருந்தன. அங்கு ஓடினோம். ஆனால் அந்த சிஸ்டருக்குப் பிரசவ வார்டுக் கோப்புகளைப் பார்க்க அனுமதி இல்லை. அந்த அனுமதிகளைப் போட்டதே நாங்கள்தான்.

இவற்றையெல்லாம் சரிசெய்யத் தெரிந்த எங்கள் தம்பி ஒருவர் அன்று சொந்த ஊருக்குப் போயிருந்தார். மழையில் தொலைபேசியும் கிடைக்கவில்லை.

கடைசியில் பதிவேட்டு அறை அண்ணன்தான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பழைய கிடங்குக்குப் போனார். கம்ப்யூட்டர் வந்தபின் வேண்டாமென்று கட்டிவைத்த பழைய காகிதப் பதிவுகள் அங்கே சாக்குகளில் இருந்தன. அவற்றைக் கிழித்து அப்புறப்படுத்த ஏற்கெனவே தீர்மானம் ஆகியிருந்தது. கரையான் அரித்தது போக மிச்சமிருந்ததில், நாற்பது நிமிடம் தேடி, அந்தத் தாயின் காகிதத்தைக் கண்டுபிடித்தார். பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. டாக்டரம்மா வேறு மருந்து கொடுத்து அறுவையைத் தொடங்கினார். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு போனார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் கர்த்தருடைய இரக்கத்தை எங்கள் ஏற்பாடு என்று கணக்கில் எழுதிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. அந்தச் சாக்கு ஒரு மாதம் முன்னதாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாங்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறோம்.

அடுத்த நாள் தம்பி வந்து, ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, வெள்ளிக்கிழமை எடுத்துவைத்திருந்த பேரேட்டின் நகலை அதில் ஏற்றினார். சில கம்ப்யூட்டர்கள் புதிய வாசற்காரரை ஏற்காததால் அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. முடிவதற்கு இரண்டாம் நாள் மாலை ஆகிவிட்டது. இடையில் ஒரு பொறுப்பாளர், "எதற்கு இந்தத் தொல்லை தம்பி, வாசலே வேண்டாம், எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்" என்றார். களைப்பில் சொன்னது. அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் இது சிறிய ஊர். எச்.ஐ.வி. உள்ளவரின் கோப்பும், மணமாகாமல் கர்ப்பமாகி வந்த பிள்ளையின் கோப்பும் அந்தப் பண்டகசாலையில்தான் இருக்கின்றன. நம்மை நம்பி வருகிறவர்களின் வாழ்க்கை அந்தக் கதவில் இருக்கிறது. கதவும் வேண்டும், கதவைத் திறக்க எப்போதும் ஆளும் வேண்டும். ஆகவே இரண்டாவது வாசற்காரர் ஒருவர் அவசியம் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதினோம்.

இங்கே சிறிது பழைய கதை சொல்ல அனுமதிக்க வேண்டும். இரண்டு வாசற்காரர் என்பது புதிய எண்ணம் அல்ல. 1990களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. என்ற முறையில் முதன்மைக் கன்ட்ரோலர் ஒன்றும் துணைக் கன்ட்ரோலர்களும் உண்டு. பேரேட்டில் எழுதும் அதிகாரம் முதன்மைக்கு மட்டுமே. துணையிடம் இருந்தது நகல். அதைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கலாம், புதிதாக ஒரு பெயரையும் சேர்க்க முடியாது. 2000ஆம் ஆண்டு வந்த புதிய முறையில் இது மாறியது. இரண்டு பெட்டிகளிலும் எழுதலாம். ஒன்றில் எழுதியது தானாக மற்றதற்குப் போய்ச் சேரும். எனினும் சில விசேஷப் பொறுப்புகள் மட்டும் ஒருவரிடமே இருக்கும். அதனால்தான் நாங்கள் இன்னமும் "முதன்மை", "துணை" என்ற பழைய பெயர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கான மென்பொருளுக்கு நாங்கள் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. சம்பா என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991ஆம் ஆண்டு இறுதியில் அதை எழுதத் தொடங்கினார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியது என்று தெரியவந்ததால், எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடச் செய்து இந்தப் பெயரைக் கண்டெடுத்தார். எங்கள் அண்ணன் இது சம்பா நெல்லின் பெயர் என்றே இன்றும் நம்புகிறார். நாங்களும் திருத்துவதில்லை. 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு முதல், இது புதிய முறைக் கன்ட்ரோலராகவும் வேலை செய்கிறது. உலகெங்கும் பலர் உழைத்து, இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பணம் முழுவதும் பெட்டிக்கும், யூ.பி.எஸ்ஸுக்கும், கம்பிக்குமே சென்றது.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி ஒரு கிராமச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடி அரிசிக் காணிக்கை. ஒவ்வொரு நாளும் உலைக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடி தனியே வைத்து, அதை விற்று அனுப்பிய பணம். அதைக் கொண்டுவந்த அம்மா, "கட்டில் வாங்கினா எங்க சங்கத்துப் பேரு எழுதலாம், இதுல எங்கய்யா எழுதுவீங்க?" என்று சிரித்தார். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பெட்டி பூட்டிய அறையில் இருக்கிறது, ஒரு நோயாளியும் அதைப் பார்ப்பதில்லை. நன்றாக வேலை செய்தால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. கட்டிலுக்குக் கொடுப்பவர்கள் பலர் இருக்க, இதற்கென்று கொடுக்கிறவர்கள் குறைவு என்பதைக் குறையாக அல்ல, உண்மையாகச் சொல்கிறோம்.

பெட்டி வந்தது. இனி நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். புதிய பெட்டியைப் பழைய பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அதே யூ.பி.எஸ்ஸில் சொருகினோம். பேரேடு நகலாகி வந்தது. இருவரும் ஒரே கணக்கைச் சொன்னார்கள். ஜெபித்து, நன்றி செலுத்தி, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். சோதித்துப் பார்க்கவில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் அப்படியே ஓடியது. எங்களைப் பார்க்க வந்த ஒரு சகோதரர், "முதல் பெட்டியை அணைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெளிநோயாளர் பிரிவு முடிந்தபின், வார்டுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு முதல் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினோம். பாதிக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் கோப்புகள் திறக்கவில்லை. துணை வாசற்காரர் விழித்துத்தான் இருந்தார். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசற்காரர் இருக்கும் இடத்தைக் கேட்டறிய ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு விலாசம் எழுதியிருக்கும். எல்லாவற்றிலும் பழைய பெட்டியின் விலாசம் மட்டுமே இருந்தது. வழி சொல்ல வேண்டியவரே படுத்துவிட்டால் யாரிடம் வழி கேட்பது? இரண்டு விலாசங்களையும் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்கும்படி மாற்றினோம். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் நான்கு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

இரண்டாம் சோதனையில் வேறொன்று. எல்லாம் வழி கண்டுபிடித்தன, ஆனால் துணை வாசற்காரர் சீட்டுக் கொடுக்க மறுத்தார். காரணம் கடிகாரம். இந்த முறையில் கேட்பவரின் கடிகாரமும் கொடுப்பவரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் சீட்டுச் செல்லாது. பழைய சீட்டைத் திருடி யாரும் பயன்படுத்தாதிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அவரது கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்தது. இப்போது இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்திலிருந்து நேரத்தைப் பெற்றுக்கொள்கின்றன.

மூன்றாவதாகத்தான் இடத்தைப் பற்றி யோசித்தோம். அடுத்த இடியும் அதே அறையில் இறங்கினால்? யூ.பி.எஸ் ஒன்றே என்றால், அது போகும்போது இருவரும் சேர்ந்தல்லவா போவார்கள்? சாலைக்கு அந்தப்புறம் உள்ள நர்சிங் பள்ளிக் கட்டடத்துக்கு மின்சாரம் வேறு வழியாக வருகிறது. அங்கே மாடிப்படிக்குக் கீழிருந்த ஒரு சிறிய அறையைக் கேட்டு வாங்கினோம். கரையான் மருந்து அடித்து, எலி நுழையாதபடி கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு, தனி யூ.பி.எஸ்ஸோடு துணைப் பெட்டியை அங்கே மாற்றினோம். நர்சிங் பிள்ளைகள் விளக்குமாறு வைத்திருந்த அறை அது. இன்னும் எங்கள்மேல் அவர்களுக்குக் கோபம் உண்டு.

இப்போது ஒரு எச்சரிக்கை. துணை வந்துவிட்டதால் இனி நகல் எடுத்து வைக்கத் தேவையில்லை என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் நினைத்துவிட்டார். அது அப்படியல்ல. துணை வாசற்காரரிடம் இருப்பது பேரேடு மட்டுமே, பண்டகசாலையின் சரக்கு அல்ல. பேரேட்டிலும், இங்கே ஒரு பெயரைத் தவறாக அழித்தால் சற்று நேரத்தில் அங்கேயும் அழிந்துவிடும். அவர் நல்லதையும் கெட்டதையும் ஒரே விசுவாசத்தோடு நகல் எடுப்பார்.

2022 நவம்பர் 23ஆம் தேதி புதுடில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கெட்ட நோக்கமுள்ளவர்கள் உள்ளே புகுந்து, கோப்புகளைத் திறக்கமுடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. ஏறக்குறைய இரண்டு வாரம் அவ்வளவு பெரிய மருத்துவமனை கையால் எழுதி வேலை செய்தது. முடிவில் பாதிக்கப்படாமல் இருந்த ஒரு நகல் சர்வரிலிருந்தே பதிவுகளை மீட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் எத்தனை வாசற்காரர் இருந்தும் பயனில்லை. ஒதுக்கிவைத்த நகல்தான் உதவும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் நகலெடுத்து, கம்பியைக் கழற்றி, வேறு கட்டடத்தில் இரும்பு பீரோவில் பூட்டுகிறோம். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து சில கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். பத்துக் கன்னிகைகளின் உவமையை அறிந்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. எண்ணெய்ப் பாத்திரம் கையில் இருந்தால் போதாது, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

இனி, எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பகுதி. முதன்மைப் பெட்டி மீளாதபடி போய்விட்டால், அதனிடம் மட்டும் இருந்த விசேஷப் பொறுப்புகளைத் துணை கைப்பற்ற வேண்டும். அது தானாக நடக்காது. ஒரு மனிதர் உட்கார்ந்து, "இனி நீதான்" என்று அதற்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னபின் பழைய பெட்டியை மீண்டும் உயிர்ப்பித்து அதே வலையில் இணைக்கவே கூடாது. இணைத்தால் இருவரும் தங்களையே முதல்வர் என்று எண்ணிப் பேரேட்டைக் குழப்பிவிடுவார்கள். ஆகவே முதல் பெட்டி உண்மையாகவே செத்துவிட்டதா, அல்லது மின்சாரம் போனதுதானா என்று நிதானித்துத் தீர்மானிக்க வேண்டும். நள்ளிரவில், மழையில், யார் தீர்மானிப்பது? துணைப் பெட்டி வாங்கிய நாங்கள் துணை ஆளை யோசிக்கவில்லை.

எங்கள் தம்பி இப்போது வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். குடும்பப் பாரம் அவருக்கு உண்டு, நாங்கள் தடுக்கவில்லை. போகுமுன் ஆறு மாதம், பிரசவ வார்டில் நீண்டகாலம் பணிசெய்து முழங்கால் வலியால் பதிவேட்டுப் பிரிவுக்கு மாறி வந்த மூத்த சிஸ்டர் ஒருவருக்கும், அலுவலக எழுத்தர் ஒருவருக்கும் கற்றுக்கொடுத்தார். முதலில் சிஸ்டர், "எனக்கு ஏன் தம்பி இந்த வயசுல?" என்று அழுதேவிட்டார். பிறகு அவரே எல்லாவற்றையும் தமிழில், தம் கையால், வரிசையாக ஒரு அட்டையில் எழுதினார். எதை முதலில் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், யாரைக் கேட்காமல் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது இரண்டு அறைகளிலும் சுவரில் தொங்குகிறது. முதன்மைக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இரவுக் கண்காணிப்பாளரின் பெட்டியில் இருக்கிறது. உறை பிரிந்தால் காலையில் காரணம் எழுத வேண்டும்.

சென்ற கோடையில் முதல் பெட்டியின் விசிறி நின்று, சூட்டில் அது தானாகவே அணைந்துபோயிற்று. அப்போது இரவு இரண்டு மணி. வார்டுகளில் யாருக்கும் தெரியவில்லை. காலையில் சிஸ்டர் வந்து விளக்கு எரியாததைப் பார்த்துத்தான் அறிந்தார். அட்டையைப் படித்தார், பொறுப்புகளை மாற்றத் தேவையில்லை என்று தீர்மானித்தார், கடைத்தெருவிலிருந்து ஒரு விசிறியை வாங்கிவரச் செய்து மாட்டினார். அவ்வளவுதான். அந்த இரவு பிரசவ வார்டில் மூன்று குழந்தைகள் பிறந்தன. அந்தத் தாய்மாரின் கோப்புகள் மூன்றும் துணைப் பெட்டி கொடுத்த சீட்டில் திறந்தவை.

நிறைவாக எங்கள் தேவைகளைச் சொல்லிவிட்டு அமருகிறோம். இரண்டு யூ.பி.எஸ்களின் பேட்டரிகளையும் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. பேட்டரிகள் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பதிவேட்டு அறை அண்ணன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவரிடத்தில் வரப்போகிறவருக்காகவும், வளைகுடாவில் இருக்கும் எங்கள் தம்பிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனை வரும் மாதம் முதல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. கம்பியைப் பிடுங்குவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நர்சிங் பள்ளிப் பக்கம் வரலாம். அறை சிறியது, ஒரு சமயத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்க இடமில்லை. பிடி அரிசி கொண்டுவந்த அம்மாவையும் அவர்கள் சங்கத்தாரையும் முதலில் உள்ளே அழைப்பதாக இருக்கிறோம்.